மில்லிங் மெஷினும் நான் கேட்காத மூன்றாவது கேள்வியும்

பழைய மெஷின் பார்க்கப் போகும்போது, இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் எல்லாரும் தேய்மானம் அளக்க டயல் கேஜை மறக்காமல் எடுத்துக்கொண்டு போகிறீர்கள். பயத்தை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறீர்கள். இந்தத் தொழிலில் பையில் முதலில் போட வேண்டியது பயம்தான் என்பேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், நானும் முப்பது வருஷம் சிரித்தவன்தான்.

பழைய மெஷினைப் பார்த்து விலை சொல்வதற்குப் படிப்பும் கிடையாது, பட்டமும் கிடையாது. நான் ஃபிட்டராக ஆரம்பித்தவன். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, கடைசியில் "அவரு பாத்து சொன்னா சரி" என்ற பேருக்கு வந்து சேர்ந்தேன். அந்தப் பேர் வந்த பிறகுதான் இப்போது சொல்லப்போகிற தப்பைச் செய்தேன். பேர் வருவதற்கு முன்னால் செய்திருக்கவே மாட்டேன். அப்போதெல்லாம் எனக்கு என் கண்மேல் சந்தேகம் இருந்தது.

நம் பக்கத்து வழக்கம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். அட்வான்ஸ் கைமாறுவதற்கு முன்னால், பார்க்க வந்தவனும் விற்கிறவனும் மெஷின்மேல் கை வைக்க வேண்டும். பார்க்க வந்தவன் மூன்று கேள்வி கேட்பான். உடைஞ்சதா? ஒட்டினதா? முங்கினதா? அவ்வளவுதான். கை மெஷின்மேல் இருக்கும்வரை விற்கிறவன் பொய் சொல்லக் கூடாது. கேட்காததைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் அவனுக்கு இல்லை. இதை யார் ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சாராயம் குடித்தவன், சீட்டுப் பணத்தைச் சுருட்டினவன், மூன்று பேருக்கு ஒரே லேத்தை விற்றவன் எல்லாம்கூட மெஷின்மேல் கை வைத்துப் பொய் சொல்லி நான் பார்த்ததில்லை.

கௌதமி என்னைத் தேடி வந்தது ஒரு புதன்கிழமை. முப்பத்தைந்து வயது இருக்கும். எம்.கே.பி. நகரில் வீடு. மணலிப் பக்கம் ஒரு கம்பெனியில் பதினோரு வருஷம் மில்லிங் மெஷின் ஓட்டியவள். கம்பெனியை மூடிவிட்டார்கள். கணக்கு முடித்துக் கொடுத்த பணம் கையில் இருந்தது. அந்தப் பணத்துக்கு வீட்டில் ஆளுக்கொரு யோசனை வைத்திருந்தார்கள். மாமனார் கடனை அடைக்கச் சொன்னார். புருஷன் மாடியில் ஒரு ரூம் எடுத்து வாடகைக்கு விடலாம் என்றார். இவளுக்கு மட்டும் வாசல் அறையில் ஒரு மில்லிங் மெஷினைப் போட்டுச் சொந்தமாக வேலை எடுத்துச் செய்ய வேண்டும் என்று. காசிமேட்டில் படகில் வலை இழுக்கும் விஞ்சை ரிப்பேர் செய்யும் ஒரு பட்டறைக்காரர் நாற்பது பீஸ் வேலை தருகிறேன் என்று சொல்லியிருந்தார், ஆனால் பத்து நாளில் வேலையை ஆரம்பித்தாக வேண்டும்.

"ஒரே ஒரு தடவ என் பேச்ச கேளுங்கன்னு வூட்ல சொல்லிக்கீறேன் நைனா," என்றாள். "இது புட்டுகிச்சுன்னு வையி, அப்பால அந்த வூட்ல எனக்கு வாயே கெடயாது."

ஒரு கம்பெனிக்கு மெஷின் வாங்கிக் கொடுத்து அது சொதப்பினால் மேனேஜர் கத்துவார், ஒரு வாரம் கழித்து மறந்துவிடுவார். வீட்டில் போட வாங்குகிறவர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு இரண்டாவது தடவை என்று ஒன்று கிடையாது. இதெல்லாம் எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துதான் போனேன்.

மறுநாளே பார்க்கப் போனோம். மெஷின் திருவொற்றியூரில் ஒரு ஷெட்டில் இருந்தது. விற்கிறவர் செல்வராஜ் அண்ணாச்சி. தெற்கத்திக்காரர், முப்பது வருஷமாக இங்கே பட்டறை வைத்திருப்பவர், இன்னும் ஊர்ப் பேச்சு மாறாதவர். பட்டறையை மூடிவிட்டு மகளோடு போய் இருக்கப் போகிறேன் என்றார். அந்த ஷெட் மேட்டுப் பாங்கான இடம். முந்தின மழைக்காலத்தில் எண்ணூர் கழிமுகத்துப் பக்கமெல்லாம் முங்கியபோதும் அந்தத் தெருவில் தண்ணீர் வரவில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். உள்ளே நுழையும்போதே மனசுக்குள் அந்த மூன்றாவது கேள்விக்கு டிக் போட்டுவிட்டேன்.

மெஷின் அழகாக இருந்தது. புதுப் பெயின்டுக்கு நான் மயங்குகிறவன் இல்லை. மேசையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஓட்டிப் பார்த்தேன். நடுவில் மட்டும் தேய்ந்திருந்தால் ஓரத்துக்குப் போகும்போது இறுகும். இறுகவில்லை. ஸ்க்ரூவில் ஆட்டம் குறைவு. மோட்டாரை ஓடவிட்டுக் காதை வைத்தேன், சத்தம் சுத்தம். பிறகு துரு தேடினேன். நம் தொழிலில் தண்ணீர் பட்ட மெஷின் துருவால்தான் மாட்டிக்கொள்ளும். எத்தனை பெயின்ட் அடித்தாலும் மேசைக்கு அடியில், நட்டுக்குப் பின்னால், பிரஷ் போகாத இடத்தில் சிவப்பாக ஒரு கோடு காட்டிக்கொடுத்துவிடும். நான் படுத்துக்கொண்டு, டார்ச் அடித்து, துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ஒரு பொட்டுத் துரு இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு மட்டும் கருப்பாகத் துணியில் வந்தது.

மின்சாரப் பெட்டி மட்டும் புதிது. "பழசு ஷாக் அடிச்சிட்டே இருந்துது, மாத்திட்டேன்," என்றார் அண்ணாச்சி. சரிதான் என்று விட்டுவிட்டேன். அது ஏன் ஷாக் அடித்தது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

இதற்குள் அண்ணாச்சியின் போன் மூன்று தடவை அடித்துவிட்டது. அம்பத்தூரிலிருந்து ஒரு பார்ட்டி, இன்றைக்கே வருகிறேன் என்கிறான். நிஜமா நாடகமா என்று தெரியாது. கௌதமிக்கு முகம் வெளுத்துவிட்டது. என் சட்டை நுனியைப் பிடித்து இழுக்காத குறை.

இரும்புக்கு ஒரு விலை, ஓட்டத்துக்கு ஒரு விலை, ஆசைக்கு ஒரு விலை என்று நாங்கள் சொல்வோம். எடைக்குப் போட்டால் கிடைப்பது முதல் விலை. நன்றாக ஓடுகிற மெஷினுக்கு நாலு பேர் கொடுப்பது இரண்டாவது. விற்கிறவன் மனசில் வைத்திருப்பது மூன்றாவது. அண்ணாச்சி இரண்டு லட்சத்து இருபதாயிரம் சொன்னார். நான் ஒரு லட்சத்து எண்பத்தைந்தாயிரத்துக்கு இறக்கினேன். இறக்கியதில் எனக்கே என்மேல் கொஞ்சம் பெருமை.

கை வைத்தோம். அவர் கை ஒரு பக்கம், என் கை ஒரு பக்கம், நடுவில் கௌதமி நின்றுகொண்டு பார்த்தாள்.

"உடைஞ்சதா?"

"இல்ல."

"ஒட்டினதா?"

"இல்ல."

மூன்றாவதை நான் கேட்கவில்லை. கௌதமி பக்கம் திரும்பி, பெரிய மனுஷன் மாதிரி, "முங்கினதான்னு இத்த கேக்கவே வாணாம்மா. தண்ணியே படாத மெஷின் இது. நான் சொல்றேன்," என்றேன்.

அண்ணாச்சி சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். கௌதமி இருபத்தைந்தாயிரம் அட்வான்ஸ் கொடுத்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, பத்தரை மணிக்கு கிரேன். பத்தரைக்கு மேல் ராகு காலம், அந்த நேரத்தில் மெஷின் தூக்க ஒருத்தரும் வரமாட்டார்கள், அதனால் கிரேன்காரன் வாடகையைக் குறைத்துக்கொள்வான். கௌதமி வீட்டில் புத்தர் படம்தான் உண்டு, ராகுவுக்கும் கேதுவுக்கும் இடமில்லை. "நமக்கு அதெல்லாம் கெடயாது நைனா, துட்டு மிச்சம்," என்று அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவினேன். துடைத்த துணியைப் பையிலிருந்து எடுத்து பக்கெட் ஓரம் போட்டேன். என் சம்சாரம் துணி அலசக் குனிந்தவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்தாள்.

"இன்னாயா இது, இந்த நாத்தம் நாறுது? எங்க போயி வந்தே?"

"மெஷின் ஆயிலு."

"ஆயிலாவது! எங்கக்கா வூட்ல பீரோவுக்குப் பின்னால பத்து நாளு தேச்சனே, அந்த நாத்தம். அந்த வெள்ளத்துல வந்துச்சே கருப்பா, அது. எனக்குத் தெரியாதா?"

அவளுடைய அக்கா வீடு எண்ணூரில் கழிமுகத்துக்குப் பக்கத்தில். அந்த வருஷ வெள்ளம் வெறும் தண்ணீராக வரவில்லை, கருப்பு எண்ணெயையும் சேர்த்து வீடுகளுக்குள் கொண்டுவந்தது. சுவர், கட்டில், பாத்திரம் எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. என் சம்சாரம் போய்த் தங்கி, சோப்புப் போட்டுத் தேய்த்துக் கொடுத்துவிட்டு வந்தாள்.

துணியை எடுத்து முகர்ந்து பார்த்தேன். துரு இல்லாததற்குக் காரணம் அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. வந்த தண்ணீரோடு எண்ணெயும் வந்து இரும்பின்மேல் படிந்து மூடிவிட்டது. துரு பிடிக்கவே இல்லை. நான் படுத்துக்கொண்டு டார்ச் அடித்துத் தேடியது இந்த வெள்ளம் விட்டுப்போகாத ஒரு தடயத்தை. முப்பது வருஷ அனுபவம் என்னைச் சரியாகக் கொண்டுபோய்த் தப்பான இடத்தில் நிறுத்தியிருந்தது. அண்ணாச்சி கையை எடுத்த வேகமும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

துரு இல்லை என்றால் சேதம் இல்லை என்று அர்த்தமில்லை. சேறு உள்ளே போயிருக்கும். ஸ்க்ரூ, பேரிங், கியர் எல்லாவற்றிலும் பொடியாக உட்கார்ந்து அரைத்துக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் நன்றாக ஓடும். நாலாவது மாதம் பீஸ் அளவு தவறும். ஆறாவது மாதம் கியர் கத்தும்.

இப்போது உங்களிடம் ஒளிக்காமல் ஒன்று சொல்கிறேன். அன்று முழுக்க நான் யோசித்தது நியாயத்தை அல்ல. எனக்கு இருந்த சந்து பொந்துகளைத்தான் யோசித்தேன். ஆறு மாதம் கழித்து மெஷின் கெட்டால், "பழைய மெஷின்மா, அப்டித்தான்" என்று சொன்னால் போதும். இந்தத் தொழிலில் அந்தப் பதிலைக் கேள்வி கேட்க ஆள் இல்லை. நீங்களும் ஒருநாள் அதைச் சொல்வீர்கள், சொல்லாமல் இருக்கமாட்டீர்கள். இன்னொரு வழியும் தோன்றியது. காலையில் நான் மட்டும் அண்ணாச்சியிடம் போய், அவரை மடக்கி, விலையைக் குறைத்துவிட்டு, கௌதமியிடம் பெரிய ஆளாகப் போய் நிற்கலாம். என் தப்பு தெரியவே தெரியாது. இந்த இரண்டாவது யோசனை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே நடந்ததைச் சொன்னேன். என் சம்சாரம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அந்தப் பொண்ணுக்குச் சொல்லிட்டியா?"

காலை எட்டரைக்கு டோல்கேட்டில் போய் நின்றேன். கௌதமி அங்கே இறங்கித்தான் திருவொற்றியூருக்கு ஷேர் ஆட்டோ பிடிப்பாள். அவள் மீதிப் பணத்தை ஒரு துணிப்பையில் வைத்து, துப்பட்டாவுக்குள் மறைத்து, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் ஓடிவிடலாமா என்று இருந்தது.

சுற்றி வளைத்தால் வாய் வராது என்று தெரிந்ததால் நேராகவே சொன்னேன். "கௌதமி, நான் நேத்து தப்பா சொல்லிட்டேன். அந்த மெஷின் வெள்ளத்துல முங்கியிருக்கு. எனக்குத் தெரியல. நேத்து கேட்டிருக்கணும், கேக்கல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நேத்து சொன்னியே நைனா. கைய வச்சிகினு சொன்னியே," என்றாள். பையை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அட்வான்ஸ் போனா போவுது, வாணாம்னு சொல்லிடு. அந்த இருபத்தஞ்ச நான் குடுத்துடறேன்," என்றேன்.

"அத்த வச்சிகினு நான் இன்னா பண்றது? பத்து நாள்ல எனக்கு மெஷின் வோணும்."

ஷேர் ஆட்டோவில் ஏறினோம். மணலிக்குப் போகிற டேங்கர் லாரிகள் வரிசையாக நின்று ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தன. அரை மணி நேரம் நகரவில்லை. அவள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நான் மனசுக்குள் விலை போட்டுப் பார்த்தேன். விலை வரவே இல்லை. உள்ளே எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் போனது என்று தெரியாமல் எப்படி விலை வரும்? மேசை மட்டத்தோடு நின்றிருந்தால் பிழைத்துக்கொள்ளும். மேலே கட்டர் சுற்றுகிற ஹெட் வரைக்கும் ஏறியிருந்தால் அது மெஷின் இல்லை, இரும்பு. ஐம்பதாயிரமா, ஒன்றரை லட்சமா? ஒரு மெஷினுக்கு விலை சொல்லத் தெரியாமல் நான் வியர்த்தது அன்றைக்குத்தான்.

ஷெட்டில் அண்ணாச்சி சட்டையைப் போட்டுக்கொண்டு தயாராக நின்றார். நான் அவரிடம் நலம்கூட விசாரிக்கவில்லை. நேராகப் போய் மேசைமேல் கை வைத்தேன்.

"அண்ணாச்சி, நேத்து ஒரு கேள்விய விட்டுட்டேன். இப்ப கேக்குறேன். முங்கினதா?"

அவர் என்னைப் பார்த்தார், கௌதமியைப் பார்த்தார். அதற்குள் கிரேன் வாசலுக்கு வந்து ஹாரன் அடித்தது. கை வைக்கமாட்டார் என்றே நினைத்தேன். வைத்தார்.

"முங்குச்சு. நாலு நாளு தண்ணியில நின்னுச்சு. இங்க இல்ல, எண்ணூர் ஷெட்டுல. மூணு மெஷின் போச்சு, இது ஒண்ணுதான் தேறுச்சு. டீசல் போட்டுக் கழுவி இங்க கொண்டாந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "நேத்து நீங்க கேட்டா சொல்லணும்னுதான் கைய வச்சேன். நீங்க எங்கிட்ட கேக்காம நீங்களே பதில சொல்லிட்டிய. நான் என்ன செய்ய?" என்றார்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. என்மேல் வந்தது. அவரை நான் நம்பவும் இல்லை, சந்தேகப்படவும் இல்லை. இரண்டையும் செய்ய வேண்டிய இடத்தில் என்னையே நம்பிக்கொண்டேன்.

"எவ்ளோ ஒசரம் ஏறிச்சு?" என்று கேட்டது கௌதமி.

"மேசைக்கு மேல ஒரு சாண். ஹெட்டு நனையல."

"கைய எடுக்காத சொல்லு."

"எடுக்கல தாயி. ஹெட்டு நனையல."

நான் அவர் சொன்னதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன், கை வைத்துச் சொல்லிவிட்டாரே. கௌதமி இல்லை. ஆலன் கீ கேட்டாள். ஹெட்டின் பக்கவாட்டில் இருந்த சின்ன மூடியைக் கழற்ற ஆரம்பித்தாள். நாலு ஸ்க்ரூ. மூன்று வந்தது, நாலாவது வரவில்லை. கிரேன்காரன் உள்ளே எட்டிப் பார்த்து, "இன்னாபா, தூக்கவா, வாணாவா? மணி ஏறுது எனக்கு," என்று கத்தினான். அவள் திரும்பவே இல்லை. நான் பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். உள்ளே சேறு இருந்தால் அவளுடைய பத்து நாளும் போச்சு, வீட்டில் அவளுடைய வாயும் போச்சு, என்னால். ஒரு ஸ்க்ரூ கழல்வதற்காக நான் சாமியைக் கும்பிட்டதும் அன்றைக்குத்தான்.

கழன்றது. விரலை உள்ளே விட்டு கிரீஸை வழித்து எடுத்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து கட்டைவிரலால் தேய்த்தாள், முகர்ந்தாள். என்னிடம் நீட்டினாள். கிரீஸ் பழையது, தேன் நிறத்தில் கெட்டியாக, வருஷக்கணக்காக அங்கேயே இருந்தது. நறநறப்பு இல்லை, அந்த நாற்றமும் இல்லை. வெள்ளத்துக்குப் பிறகு அதை யாரும் மாற்றவில்லை, மாற்ற அவசியமும் வரவில்லை என்று அர்த்தம்.

பிறகு கீழே குந்தி, மேசை ஸ்க்ரூவின் நட்டுக்கு அடியில் விரலை விட்டு அதேபோல் தேய்த்தாள். நான் துணியால் துடைத்துவிட்டுப் போன அதே இடம். நறநறவென்று பொடி. நான் அங்கே கண்ணால் பார்த்தேன், அவள் விரலால் பார்த்தாள்.

எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "கீழ மொத்தமும் பிரிக்கணும். பேரிங்கு, நட்டு, ஃபீடு பாக்ஸு. மேல ஒண்ணும் வாணாம். ஒண்ணு நாப்பது தரேன்."

"ஒண்ணு அறுபத்தஞ்சு," என்றார் அண்ணாச்சி. சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பேச்சு முட்டிக்கொண்டால் பார்க்க வந்தவன் நடுவில் ஒரு விலை சொல்வான், இரண்டு பக்கமும் ஒத்துக்கொள்ளும். அதுதான் வழக்கம். நான் வாயைத் திறந்தேன்.

"அவர இன்னாத்துக்குப் பாக்குற?" என்றாள் கௌதமி. "காசு என்னுது. என்னப் பாத்துப் பேசு."

ஒன்று ஐம்பதில் முடிந்தது. கிரேன் ராகு காலத்திலேயே தூக்கியது. மேலே தொங்கும்போது மெஷின் ஒரு பக்கம் சாய்ந்து ஆடியது, மூன்று பேருமே "ஏய்" என்று கத்திவிட்டோம். ஒன்றும் ஆகவில்லை.

எனக்குப் பேசிய பணத்தை எண்ணிக் கொடுத்தாள். வேண்டாம் என்றேன். "வாங்கிக்க நைனா. நேத்து தப்பா சொன்னே, இன்னிக்கு நீயே வந்து சொன்னே. வேலைக்கு வந்தே இல்ல?" என்று என் சட்டைப் பையில் வைத்தாள். அந்தப் பணத்தை நான் ரொம்ப நாள் செலவழிக்கவில்லை. அப்புறம் ஒருநாள் கேஸ் சிலிண்டருக்குக் கொடுத்துவிட்டேன்.

பத்து நாளில் அவளால் ஆரம்பிக்க முடியவில்லை. பிரித்து, கழுவி, பேரிங் மாற்றி, மறுபடி கூட்டிச் சேர்க்கப் பதினாறு நாள் ஆனது. காசிமேட்டுக்காரர் கத்திவிட்டுப் பாதி வேலையை வேறு இடத்தில் கொடுத்துவிட்டார். இருபது பீஸ்தான் கிடைத்தது. வீட்டில் என்ன பேச்சு கேட்டாளோ, எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கத் துணியவில்லை. நாலாவது மாதம், ஆறாவது மாதம் என்று நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். அவள் நம்பரிலிருந்து போன் வந்துவிடுமோ என்று பயம். வரவில்லை என்றாலும் பயம்.

ஒரு வருஷம் கழித்து வியாசர்பாடியில் ஒரு வேலை. முடித்துவிட்டு, கால் தானாக எம்.கே.பி. நகர்ப் பக்கம் போனது என்று சொன்னால் நம்பாதீர்கள், வேண்டுமென்றேதான் போனேன். அவள் வீட்டுக்கு எதிரே நின்று காதைக் கொடுத்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கியர் சத்தம் சுத்தமாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று நின்றேன். சத்தம் நின்றது, கௌதமி வெளியே வந்தாள்.

"இன்னா நைனா, தெருவுல நின்னு கேட்டுகினு கீறே? உள்ள வா, டீ போடறேன்."

வாசல் அறையில் மில்லிங் மெஷின் நின்றது. பெயின்டைச் சுரண்டி எடுத்துவிட்டு வேறு நிறம் அடித்திருந்தாள். அதற்குப் பக்கத்தில், சுவரோரம், ஒரு சர்ஃபேஸ் கிரைண்டர். பழையதுதான், ஆனால் நல்ல மெஷின். ஒரு பார்வையிலேயே தெரிந்தது, யார் பார்த்திருந்தாலும் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"இத்த எப்போ வாங்கினே?"

"மூணு மாசம் ஆச்சு."

"யாரு பாத்து சொன்னது?"

"நானே போயி பாத்தேன்," என்றாள். குத்திக்காட்டவில்லை, சங்கடமும் படவில்லை. டீயை ஆற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

அன்றைக்கு டோல்கேட்டில் போய் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நிம்மதிதான். ஆனால் தப்பை ஒப்புக்கொண்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்களை நல்லவர் என்பார்கள், உட்காரவைத்து டீ கொடுப்பார்கள், அடுத்த மெஷினுக்குக் கூப்பிடமாட்டார்கள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் கூப்பிட்டிருக்கமாட்டேன்.

கிரைண்டரைத் தொட்டுப் பார்க்கக் கை பரபரத்தது. "பாரு நைனா" என்று அவள் சொல்லட்டும் என்று இருந்தேன். டம்ளரைக் கையில் கொடுத்து, சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன்.